கடைசியில ஃபெயில் ஆயிடுச்சு

— முதல்ல இங்க யார் யார் இருக்கோம்னு சொல்லிடறேன். நான் இயேசுதாசன். இவ என் மகள் பெதானி, கட்டட இஞ்சினியர். எதிர்ல, வதந்திய ஊதிவிட்ட அழகேசன். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட் சாப்பாட்டுக் கடை, ஒரே மேசை. நாளைக்கு யாரும் ‘நான் கேக்கல’ன்னு சொல்லக்கூடாது.

— அண்ணே, கோர்ட்டு மாதிரி பேசாதீங்க லா. கிண்ணத்துல துருவிப்போட்ட ஐஸ் கச்சாங் உருகுது.

— உருகட்டும். நீ என்ன கேட்ட, அதச் சொல்லு.

— எம்.ஆர்.டி. ரயில்ல பெதானி போன்ல பேசிச்சு. ‘அஸ்திவாரம் ஃபெயில் ஆயிடுச்சு, கடைசியில ஃபெயில் ஆயிடுச்சு!’ன்னு. நான் பதறிப்போய்...

— பதறி, சர்ச்சு வாசல் வரைக்கும் கொண்டுபோயிட்ட. எங்க குடும்பத்துல யாரும் எதுலயும் ஃபெயில் ஆனதில்ல. மகள் கட்டுற கட்டடம் நிக்காதுன்னு பேச்சு வந்தப்புறம் மாதா திருவிழாக் கமிட்டிக்கு நான் எப்படித் தலைவரா உக்கார்றது? இன்னைக்கே விலகறேன்.

— அப்பா, நான் சந்தோஷத்துல கத்தினேன். அங்கிள் அதச் சொல்லலியா?

— அதான் அண்ணே எனக்கும் புரியல. சிரிச்சுக்கிட்டேதான் சொல்லிச்சு.

— ஃபெயில் ஆனா யாராவது சிரிப்பாங்களா?

— இந்த டெஸ்ட்ல சிரிக்கணும்ப்பா. அது கட்டடத்தத் தாங்குற பைலிங் தூண் இல்ல. உடைச்சுப் பாக்கறதுக்குன்னே தனியாப் பாறைக்குள்ள இறக்கினது. ஜாக்கி வெச்சு மேல இழுத்தோம்.

— மேலயா? கட்டடம் கீழதானே அமுக்கும்?

— அடியில நாலு மாடி பேஸ்மென்ட், சுத்தி நிலத்தடித் தண்ணி. காலி டப்பாவ வாளித் தண்ணியில அமுக்கினா மேல வரும்ல? அந்த மாதிரி தூக்கும். தூண்தான் பாறையக் கவ்விப் பிடிச்சுக்கணும்.

— பிடி விட்டுப்போனா?

— அங்கிள், உங்க கரண்டிய ஐஸ்ல நல்லா அமுக்கி, நேரா இழுங்க.

— ...கரண்டி மட்டும் வரல. ஐஸையும் பேத்துக்கிட்டு வருது. கீழ கூரா, மேல அகலமா.

— அதேதான்! தூண் மட்டும் உருவிக்கிட்டு வரும்னு ஆபீஸ்ல எல்லாரும் சொன்னாங்க. பாறைதான் பேந்து வரும், இவ்வளவு இழுத்தாத்தான் வரும்னு என் கம்ப்யூட்டர் மாடல் சொல்லுச்சு. அப்படியே வந்துச்சு. அதத்தான் எங்க வேலையில ஃபெயில்னு சொல்லுவோம்.

— ஏம்மா, இன்னும் ஆழமா அமுக்கினா இன்னும் பெருசாப் பேந்து வருமா?

— அதாம்ப்பா அடுத்த டெஸ்ட்.

— கொண்டா அந்தக் கரண்டிய.

— அண்ணே, அது என்னோட ஐஸ் கச்சாங்! அப்புறம்... தப்பா நெனைக்காதீங்க. காலையில நீங்க போன்ல ‘விலகறேன்’னு திட்டினீங்கல்ல, அதக் கேட்டு, நீங்க கமிட்டிய விட்டு விலகிட்டீங்கன்னு வர்ற வழியிலேயே ரெண்டு பேர்கிட்ட...

— போய்த் திருத்து, அழகேசா. பேந்து வந்தது பாறை. இயேசுதாசன் உக்காந்த இடத்துலதான் இருக்கான்.