அறுபது ரசிகருங்க

காலைல ஆறு இருவதுக்கு வந்தாங்க சார், பதினோரு பேரு, முன்னால வந்தவன் புருஷோத்தமன். கையில இரும்பு ராடு. மத்தவங்க கையில இன்னா இருந்திச்சுன்னு நான் பாக்கல. உக்காருங்க, அந்த டின்னு மேலயே உக்காருங்க, தாங்கும். மெட்ராஸ்லேர்ந்து கார்வேட்டிநகரம் வரைக்கும் ஒரு பாட்டத் தேடிக்கினு வந்துகிறீங்க, பாடினவன் எங்கன்னு கேக்கறீங்க. அந்தக் காலைலேர்ந்து ஆரம்பிச்சாத்தான் எனக்கு சொல்ல வரும்.

இல்ல சார், சின்னப்பன் இல்ல. திருப்பதி பெரியாஸ்பத்திரில பதினெட்டு நாள் கெடந்தான். கண்ணே தெறக்கல, போயிட்டான்.

பாட்ட ஒங்களுக்கு யார் சொன்னது? சைட்டே காட்டிச்சா? பாத்தீங்களா! அதுக்குத்தான் அவ்ளோ பாடுபட்டோம்.

மூணு பேரு நாங்க. சின்னப்பன் பாடுவான், அண்ணாதுரை டிரம்ஸு, நான் கிடாரு. எம்பேரு கிரண்குமார். மாம்பழக் கூழு ஃபேக்டரில லோடு தூக்கறவங்கதான் எல்லாம். சீசன் இல்லாதப்ப இந்த ஷெட்டு காலி, இங்கதான் ரெக்கார்டு பண்ணோம். குரலு கணகணன்னு வருதே, அது மெஷினு இல்ல, காலி டின்னு.

அந்த சைட்டு எப்டின்னா, நீங்க கேக்கற பாட்ட குறிச்சி வெச்சிக்கும். அதே பாட்டு கேக்கற இன்னொருத்தன் வேற இன்னா கேக்கறான்னு ஒங்களுக்குக் காட்டும். எங்கள ஒருத்தனும் கேக்கல, அதால ஒருத்தனுக்கும் காட்டல. சரி, கேக்கறவங்கள நாமளே பண்ணிடலாம்னு சித்தூரு நெட் சென்டர்ல உக்காந்தோம். அறுவது அக்கவுண்ட்டு. ஒவ்வொண்ணுலயும் பெரிய சினிமா பாட்டு பத்து வாட்டி, அப்பறம் எங்க பாட்டு மூணு வாட்டி, கடேசியா புடிச்சிருக்குன்னு செவப்பு இதயம் ஒண்ணு. அப்பதான் மெஷினு நம்பும்.

பேருதான் ரோதன. ஏபிசி ஒண்ணு, ஏபிசி ரெண்டுன்னு போட்டா சைட்டுக்காரன் தூக்கிட்டான். அது எலெக்சன் வருசம், ஓட்டர் லிஸ்ட்டு ஜெராக்ஸு கெடச்சுது. பேரு, வயசு, ஆம்பளயா பொம்பளயா, எல்லாம் ரெடியா கீது. வூட்டு நம்பரு வரிசையா அடிச்சிக்கினே போனா எங்க காலனி நாப்பத்தி ரெண்டு பேரோட முடிஞ்சிபோச்சு. பக்கத்தத் திருப்பினா பெரிய தெரு. அங்க நிறுத்தியிருக்கணும். நிறுத்தல.

புருஷோத்தமன் பெரிய தெருக்காரன். பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேல. அவனும் அதே சைட்டு, அதே சினிமா பாட்டு. மெஷினு அவனுக்கு சொல்லுது, ஒன்ன மாதிரியே கேக்கறவங்க ஒங்க ஊர்ல ஒருத்தங்க கீறாங்கன்னு. யாருடான்னு பாத்தா கலைவாணி, இருவத்தி மூணு வயசு. அவன் கூடப் பொறந்த தங்கச்சி. அவ பேருக்கு நேரா செவப்பு இதயம், இதயத்துக்குப் பக்கத்துல சட்ட பட்டன தெறந்து வுட்டுக்கினு சின்னப்பன் போட்டோ.

காதல் பாட்டுகூட இல்ல சார் அது! சூப்பர்வைசர திட்டற பாட்டு.

அந்தப் பொண்ணுக்கு மவுஸு எதுன்னே தெரியாது. மொதல்ல அவளத்தான் கேட்டாங்க. வாயால கேக்கல. இப்ப கோலாரு பக்கம் கட்டிக் குடுத்துட்டாங்க, ஒரு காது கேக்கறதில்லயாம்.

அண்ணாதுரை அன்னிக்கி ஊர்ல இல்ல. நானு இந்த ஷெட்டுக்குள்ள படுத்துக்கினு இருந்தேன், சின்னப்பன் பின்னால கொழாய்கிட்ட பல்லு வெளக்கிக்கினு இருந்தான். வந்தவனுங்க மொதல்ல டிரம்ஸ ஒடைச்சானுங்க. அப்பறம் என் கிடார என் முட்டி மேலயே போட்டு ஒடைச்சானுங்க. இந்தக் காலு இப்பவும் மடங்காது பாருங்க. கீழ தள்ளி புருஷோத்தமன் என் கழுத்துல காலு வெச்சான். எவர்ரா ராசிந்தி, என் தங்கச்சி பேர எவன்டா எழுதினதுன்னு தெலுங்குலயும் தமிழ்லயும் மாத்தி மாத்தி கேட்டான்.

சத்தம் கேட்டு சின்னப்பன் வாயில பிரஷ்ஷோட ஓடியாந்தான். ஓடிப்போயிருக்கலாம் சார், வழி இருந்துச்சு. அண்ணா, அவன வுட்டுரு அண்ணா, வெளாட்டுக்கு பண்ணதுன்னு கும்புட்டான். பிரஷ்ஷு வாயில இருக்கறப்பவே மொத அடி. அது தொண்டக்குள்ள போச்சு. வுழுந்தவன இழுத்து டின்னு மேல சாச்சி வெச்சி அடிச்சானுங்க. ஒவ்வொரு அடிக்கும் டின்னு கணகணன்னு கேட்டுச்சு. எட்டு வரைக்கும் எண்ணினேன்.

பாடினவன்னு அவன அடிச்சாங்களான்னா? இல்ல சார். பாட்டுக்கு யாரு அடிக்கறான்? எழுதினதுக்கு. சின்னப்பனுக்கு அவன் பேரே தெலுங்குல பாதிதான் எழுத வரும், கீபோர்ட தொட்டதே கெடயாது. அறுவதையும் அடிச்சது நானு. கழுத்துல காலு அழுத்தறப்ப சின்னப்பன் பக்கம் கைய காட்டிட்டேன்.

கேஸு நடந்துச்சு. நேர்ல பாத்தவன் நான் ஒருத்தன்தான். கூண்டுல ஏறி இவனுங்கதான்னு சொன்னா, அப்ப எழுதினது யாருன்னு வக்கீலு கேப்பான் இல்லியா? மூஞ்சில துணி கட்டியிருந்தாங்க, யாருன்னு தெரியாதுன்னு சொல்லிட்டேன். ரெண்டாயிரத்து பன்னண்டு நவம்பர் ஒம்பது, வெள்ளிக்கெழம, சித்தூரு கோர்ட்டுல எல்லாரையும் வுட்டுட்டாங்க.