படகை ஓட்டியது யார் என்பது பற்றி

என் பெயர் மணியன், வயது 41, தகப்பனார் பெயர் கிட்டுசாமி. சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். தற்போது டெக்சஸ் மாநிலம் பிளானோவில் மனைவி மரகதத்துடன் குடியிருந்து, ஒரு வங்கியின் மென்பொருள் பிரிவில் வேலை செய்கிறேன். ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். கிரீன் கார்டு விண்ணப்பம் கடைசிக் கட்டத்தில் உள்ளது. எனக்கு ஆங்கிலம் நன்றாகவே தெரியும். ஆனால் ஆங்கிலத்தில் சொன்னால் ஆபீஸ் மீட்டிங் மாதிரி வழவழா கொழகொழா என்று ஆகிவிடும் என்பதால் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்கிறேன். மொழிபெயர்ப்பாளர் விசாலாக்ஷி எழுதிக்கொள்கிறார்.

இளமாறன் என்னோடு கோவையில் இன்ஜினியரிங் படித்தவன். இந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவன். ஏப்ரல் மாதம் பாஸ் மீன் பிடிப்பதற்கென்றே ஒரு வேகப்படகு வாங்கினான். அன்று டிரெய்லர் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, ஸ்டியரிங்கில் மஞ்சள் கயிறு கட்டிப் பூஜை போட்டோம். கயிற்றைக் கட்டியது நான்.

மே 17ஆம் தேதி சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு நாங்கள் இருவரும் டிரினிட்டி ஆற்றில் படகை இறக்கினோம். ஒரு வாரம் பெய்த மழையில் ஆறு கரை தாண்டி மேய்ச்சல் நிலங்களுக்குள் ஏறியிருந்தது. வெள்ளத்தில் பாஸ் மீன் முங்கிய புல்லுக்குள் ஒதுங்கும் என்பதால் இளமாறன்தான் அங்கே அழைத்துப் போனான். பத்து மணிக்குள் நான்கு மீன் கிடைத்தது. அதன் பிறகு நான் ஓட்டுகிறேன் என்று கேட்டு வாங்கி ஓட்டினேன்.

ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால் மோட்டார் தானாக நிற்பதற்கு ஒரு சிவப்புக் கயிறு உண்டு. அதன் ஒரு முனையை ஓட்டுபவர் லைஃப் ஜாக்கெட்டில் மாட்ட வேண்டும். நான் எட்டிப் பார்க்க எழுந்தபோது இரண்டு முறை அது இழுபட்டு மோட்டார் நின்றது. இளமாறன் சிரித்தான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவன் முன்பக்கம் தூண்டிலுக்கு இரை மாட்டிக்கொண்டிருந்தபோது, அவனுக்குத் தெரியாமல் அந்த முனையைக் கழற்றி ஸ்டியரிங்கில் இருந்த பூஜைக் கயிற்றில் மாட்டிவிட்டேன்.

அதன் பிறகு காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புக்கு வீடியோ எடுப்பதற்காக வேகத்தைக் கூட்டினேன். "டேய் மணியா, மெதுவாப் போடா, தண்ணிக்குள்ள என்ன கெடக்குதுன்னே தெரியாது" என்று இளமாறன் கத்தினான். நான் குறைக்கவில்லை. ஐம்பத்திரண்டு மைல் வேகத்தில், முங்கிக் கிடந்த வேலிக் கம்பத்தில் படகு மோதி, இருவரும் தூக்கி எறியப்பட்டோம்.

மோட்டார் நிற்கவில்லை. ஆளில்லாத படகு எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. எனக்குச் சரியாக நீச்சல் வராது, விலகிப் போக முடியவில்லை. முதல் சுற்றில் என் தலைக்கு ஒரு முழம் தள்ளிப் போயிற்று. இரண்டாவது சுற்றில் இளமாறன் என் ஜாக்கெட் காலரைப் பிடித்து இழுத்து, ஒரு மரத்துக்குப் பின்னால் தள்ளினான். அவன் வந்து சேர்வதற்குள் மூன்றாவது சுற்று வந்துவிட்டது. தண்ணீர் சிவந்தது. அதன் பிறகு படகு மரங்களுக்குள் ஏறி நின்றது.

கரையில் இருந்த ஒருவர் 911 அழைத்தார். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, படகை ஓட்டியது யார் என்று, ஆறு ஏரிகளில் படகு விபத்துகளை விசாரிக்கும் கேம் வார்டன் அதிகாரி கேட்டார். இளமாறன் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, தான்தான் ஓட்டியதாகச் சொன்னான். நான் பக்கத்தில் நின்றும் வாயைத் திறக்கவில்லை.

வீட்டில் மரகதத்திடம் சொன்னேன். "ஏனுங்க, அவங்களே சொல்லிட்டாங்கல்ல? கிரீன் கார்டு வர்ற நேரத்துல நீங்க எதுக்கு வாயக் குடுத்து மாட்டிக்கறீங்க?" என்று அழுதாள். பத்து நாட்கள் சும்மா இருந்தேன். அதற்குள் கவனமின்றிப் படகு ஓட்டியதாக இளமாறன்மீது வழக்குப் பதிவாகிவிட்டது.

நேற்று மருத்துவமனையில் அவனைப் பார்த்தேன். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். "போன கால் போனதுதான். நீயும் எதுக்குடா மூட்டையக் கட்டிட்டு ஊருக்குப் போகோணும்? பேசாம இரு" என்று என்னைத் திட்டினான்.

இதைக் காட்டி விசாரித்தாலும் அவன் தான்தான் ஓட்டியதாகச் சாதிப்பான். அது பொய், அவனை நம்ப வேண்டாம். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நான் சொன்ன இவ்வளவும் உண்மை. வாசிக்கக் கேட்டுச் சரியென்று கண்டு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) கி. மணியன்