பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும்

இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க லைன்மேன் சார், காப்பி வந்துட்டே இருக்கு. வாசல்ல கட்டியிருக்கிற போர்டப் படிச்சீங்களா? உலகப் புகழ் பெற்ற நீராவி இஞ்சினுக்குப் பாராட்டு விழா! நம்ம ரைஸ் மில்லு இஞ்சினுதாங்க. அறுவத்தி ஒண்ணுலேர்ந்து, இருபத்திரெண்டு வருசமா, உமி போட்டு நான் ஓட்டுறது.

எப்படின்னா, செங்கம் ரோட்டுல ரூம் எடுத்துத் தங்கியிருக்காரே ஒரு வெள்ளக்காரரு, அவரு சைக்கிள்ல போறப்ப விசில் சத்தம் கேட்டு உள்ள வந்துட்டாரு. அவரு கும்பிட வந்த மலையக்கூட அப்படி நின்னு பாத்திருக்க மாட்டாரு. அவங்க ஊருக்கு எழுதிப் போட்டாரு. இந்த ஜாதி இஞ்சினு உலகத்துலயே ரெண்டுதான் மிச்சமாம். ஒண்ணு கண்ணாடி ரூம்ல தூங்குதாம். ஓடுறது நம்மளுதுதான்! நாளைக்குப் பத்து மணிக்கு மூணு பேரு அங்கேர்ந்து வர்றாங்க. ஓடுறதக் கண்ணால பாத்துட்டாங்கன்னா செவுத்துல பித்தளத் தகடு. அதுல ஓட்டுறவன் பேரும் உண்டு சார், ஆதிமூலம்னு, ரெண்டு பாஷையில! எங்க வீட்டுல ஜோதியம்மா தெருப்பூரா சொல்லிட்டா. எம்பேர வாயால சொல்லிச் சொன்னா சார், கல்யாணம் ஆகி மொத தடவையா!

மேளம் சொல்லியாச்சு. இன்னிக்குக் காலையில இஞ்சினுக்கு அபிஷேகமே ஆச்சு. நம்ம ஊர்ல அது இல்லாம ஒரு பெருமையா? பால், தயிரு, எளநீரு...

சக்கரை கம்மியா? போடச் சொல்றேன்.

ஒண்ணுமில்ல, நாளைக்கு நம்ம தெருவுல கம்பி மாத்தறதுக்குக் கரண்ட் நிறுத்துறீங்களாமே. பத்துலேர்ந்து பதினொண்ணு வரைக்கும் மட்டும் தள்ளி வச்சுக்குங்களேன். மைக் செட்டா? அது பேட்டரியில பாடும் சார். ஸ்டீம் இஞ்சினுக்குக் கரண்ட் எதுக்கா?

சிரிக்கக் கூடாது. செவுத்துக்கு அந்தாண்ட, உமிக் கொட்டாயில, பக்கத்துக் கொல்லைக்காரன் பரசுராமன் கெணத்து மோட்டாரக் கொண்டாந்து பெல்ட்டு மாட்டி வச்சிருக்கேன். புகை தானா வரும், விசிலு தானா வரும். சக்கரம் மட்டும்தான் தானா சுத்தாது. உள்ள வால்வுல பாகு இறுகிக்கிச்சு சார், அதைக் கழட்டிட்டேன். பிரிச்சுக் கழுவி மாட்ட எட்டு நாளாவும். முதலாளிக்கா? ஐயோ, தெரியாது.

இஞ்சினுக்குள்ள பாகு எப்படிப் போச்சா? அபிஷேகத்துல எல்லாரும் மேலதான் ஊத்துனாங்க. நான்தான், பாவம் இருபத்திரெண்டு வருசம் ஒழச்சிருக்கே, அதுக்கும் வாய்னு ஒண்ணு இருக்கேன்னு, எண்ணெ விடுற கிண்ணத்துல ஒரு சொம்பு பஞ்சாமிர்தம் ஊட்டிட்டேன்.