பெண் பிரதிநிதிகள் இரண்டு பேர்

பவானி: யக்கா, கொஞ்சம் சத்தமா திட்டு. உங்க வூட்டுக்காரரு ஜன்னலாண்ட நின்னுகினு பாக்கறாரு.

குணசுந்தரி: அடிப்பாவி! உங்க குப்பமே வலை அறுக்குற குப்பம்டீ! வடக்குக் குப்பத்துத் தண்ணிய குடிச்சாலே கை அரிக்குமாடீ... போயிட்டாரா?

பவானி: பூட்டாரு.

குணசுந்தரி: அந்தத் தண்ணி பாட்டில எட்து குடு. மண்டபத்துக்கு வந்ததுல இருந்து திட்டிகினே கீறேன், தொண்ட காஞ்சி போச்சி.

பவானி: நீயும் நாப்பது நாளா "வலை, வலை"ன்னே திட்ற. வேற எதுனா சொல்லேன். எனக்குக் கொட்டாவி வருது.

குணசுந்தரி: உன் மூஞ்சியப் பாத்தா வேற எதுவும் வர மாட்டேங்குது. பத்து வருசமா ஒரே ஷேர் ஆட்டோல காசிமேடு போயி மீன் எட்துகினு வர்றோம், திட்டுன்னா எப்டி வரும்? சரி, பிரதிநிதிங்கள வெளிய குந்த வெச்சிட்டு உள்ள இன்னா நடக்குதாம்?

பவானி: ரெண்டு பாயிண்ட்டு முடிஞ்சிடுச்சி. கேஸ ரெண்டு குப்பமும் வாபஸ் வாங்கிக்கிறது. அப்பால, முகத்துவாரத்துல ஒரு நாளு உங்க போட், ஒரு நாளு எங்க போட்.

குணசுந்தரி: ஒரு நாளு உட்டு ஒரு நாளுன்னு நான்தான சொன்னேன்? சோறு போடும்போதெல்லாம் சொன்னேன். எங்க ஆளு உள்ள இன்னான்றாரு?

பவானி: ராவெல்லாம் கண்ணு முழிச்சி அவரே யோசிச்சாராம்.

குணசுந்தரி: கொறட்ட உட்டுகினே யோசிச்சிருப்பாரு.

பவானி: எங்க வூட்டுக்காரருக்கு நான் சொன்னேன் இல்ல... அவரும் "நான்தான் யோசிச்சேன்"ன்றாரு. யாரு மொதல்ல யோசிச்சதுன்னு அதுக்குத் தனியா ஒரு மணி நேரம் சண்ட. ரெண்டு சேரு ஒடஞ்சிடுச்சி.

குணசுந்தரி: இப்ப எதுல நிக்கிது?

பவானி: மூணாவதுல. என் தம்பி... டில்லிபாபுவ உங்க குப்பத்துகிட்ட ஒப்படைச்சாதான் எங்க போட்ட கடல்ல எறங்க உடுவாங்களாம். ஒப்படைக்கிறதுன்னா இன்னாக்கா? கை காலு ஒடைக்கிறதுதான?

குணசுந்தரி: எங்க வலைய அறுத்துகினு போனது கப்பலு. எல்லாருக்கும்தான் தெரியும்.

பவானி: தெரிஞ்சி? கப்பல்காரன்கிட்ட போயி சண்ட போட முடியுமா? டில்லிபாபுகிட்டன்னா போடலாம். அன்னிக்கி விடிகாலைல அந்தப் பக்கம் போட் ஓட்டிகினு போனவன் அவன் ஒருத்தன்தான். ஆளும் கைக்கு எட்டுற உசரத்துல கீறான்.

குணசுந்தரி: அழாத.

பவானி: அழல. பிரதிநிதியாச்சே நானு, அழலாமா? நாப்பது நாளா ஒளிஞ்சி கெடக்கறான்க்கா... போன்ல கூட பேச முடியல. தாயில்லாத புள்ளைய நான் இடுப்புல வெச்சி வளத்தேன். அவன எவனாவது தொட்டான்னா நான் உசுரோட இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்.

குணசுந்தரி: எவனும் தொட மாட்டான். இன்னிக்கி உன் தம்பி வூட்டுக்கு வருவான். ...எங்க ஆளு வராரு. சேர அந்தாண்ட இழு.

செல்வம்: இன்னாமே, இவகூட இன்னா பேச்சு?

குணசுந்தரி: திட்டிகினு இருந்தேன்.

செல்வம்: ஒண்ணும் கேக்கலையே.

குணசுந்தரி: தொண்ட போச்சி. மெதுவா திட்டுனேன்.

செல்வம்: சரி, வந்து கையெழுத்துப் போடு. அந்த டிரஸ்ட்டு ரோஸ்மேரியம்மா ஒரே பேஜாரு. குப்பத்துக்கு ஒரு பொம்பள கையெழுத்து இல்லன்னா பேப்பரு செல்லாதாம்.

பவானி: ஏனாம்?

செல்வம்: நான் உன்கூட பேசல. ...குணா, அந்தம்மா எங்கெங்கயோ சண்ட நடந்த நாட்டுக்கெல்லாம் போயி சமாதானம் பண்ணி வெச்ச அம்மாவாம். அங்க ஆம்பளைங்க மட்டும் பேசிப் போட்ட பேப்பரு மூணே மாசத்துல கிழிஞ்சிடுச்சாம்.

குணசுந்தரி: அங்க இன்னாத்துக்குச் சண்டையாம்?

செல்வம்: யாருக்குத் தெரியும்? அவனுங்க துப்பாக்கி எல்லாம் வெச்சிருந்தானுங்களாம். ஆனா பேச்சுவார்த்தைல சேரத் தூக்கி அடிக்க மாட்டானுங்களாம். அத்த எங்ககிட்ட ரெண்டு வாட்டி சொல்லிடுச்சி.

குணசுந்தரி: மூணாவது பாயிண்ட்டப் படி.

செல்வம்: உனக்கு இன்னாத்துக்கு அது? கோடு போட்ட எடத்துல பேர எழுது.

குணசுந்தரி: படிச்சாதான் எழுதுவேன்.

செல்வம்: ரோதனடா சாமி... "டில்லிபாபு என்பவரை தெற்குக் குப்பத்தார் வசம் ஒப்படைக்க வேண்டியது." போதுமா?

பவானி: நான் போட மாட்டேன்.

குணசுந்தரி: நானும் போட மாட்டேன்.

செல்வம்: ஏய்! நீ எந்தக் குப்பம்மே?

குணசுந்தரி: நாங்க போடலன்னா பேப்பரு செல்லாது இல்ல? போட் மணல்லயே கெடக்கட்டும். நீயும் கெட. நாப்பது நாளா அடுப்புல ஒழுங்கா ஒல கொதிக்கல, இன்னும் நாப்பது நாளு போவட்டும்.

செல்வம்: இரு, இரு... இன்னா எழுதணும்ன்ற?

குணசுந்தரி: டில்லிபாபுவ செல்வம் தன் கையால இட்டுகினு வரணும். தன் பக்கத்துல குந்த வெக்கணும். எவனும் மேல கை வெக்கக் கூடாது. வெச்சா செல்வம் பொறுப்பு.

செல்வம்: நானா? நம்ம பசங்க காறித் துப்புவானுங்க!

குணசுந்தரி: தலைவருன்னு மாலை போடும்போது கழுத்த நீட்டுன இல்ல?

செல்வம்: ...சரி, எழுதிட்டுப் போறேன். பழவேற்காடு தேடியாச்சி, நெல்லூரு வரைக்கும் ஆளு அனுப்பியாச்சி. அவன் எங்கயோ ஆந்திரா தாண்டிப் பூட்டான். கெடைக்காதவனுக்குப் பொறுப்பு ஏத்துக்கறதுல எனக்கு இன்னா வந்துச்சி?

பவானி: யக்கா, கெங்கையம்மா மேல சத்தியம் பண்ணச் சொல்லு.

செல்வம்: இவ யாரு எனக்கு... சத்தியம்மே! கெங்கையம்மா மேல சத்தியம்! எம் போட் மேல சத்தியம்! போதுமா?

குணசுந்தரி: எல்லாரு எதுருலயும் படிச்சிட்டு, நீ மொதல்ல போட்டுட்டு எடுத்துகினு வா.

பவானி: ...மெய்யாலுமே போடுவாராக்கா?

குணசுந்தரி: கெடைக்க மாட்டான்ற தெம்புல போடுவாரு.

பவானி: அப்பால கோவம் வந்தா?

குணசுந்தரி: வரும். என்மேல வரும், அத்த நான் பாத்துக்கறேன். எங்க ஆளு மொரடு, ஆனா கெங்கையம்மா மேல சொல்லிட்டு மாத்தினதில்ல.

பவானி: உனக்கு நான் கைமாறு இன்னா பண்ணப் போறனோ...

குணசுந்தரி: இப்ப திட்டு. வராரு.

பவானி: நாசமா போறவளே! ...இது போதுமா?

குணசுந்தரி: சுமாரா கீது.

செல்வம்: ந்தா. நானும் போட்டுட்டேன், அவ வூட்டுக்காரனும் போட்டுட்டான். மைக்குல படிச்சாச்சி. நம்ம பசங்க மூஞ்சிய தூக்கி வெச்சிகினானுங்க, ஆனா ஒருத்தனும் எந்திரிக்கல. போடுங்க சீக்கிரம்.

குணசுந்தரி: போட்டாச்சி. நீ போடு பவானி.

பவானி: போட்டுட்டேன்.

செல்வம்: அப்பாடா. ஆனா அந்தம்மா புதுசா ஒண்ணு கெளப்புது. பேப்பர்ல யாரு பேரு கீதோ, அவன் இல்லாத சமாதானம் சமாதானமே இல்லயாம். அஞ்சு மணிக்குள்ள டில்லிபாபுவும் வந்து கையெழுத்துப் போடணுமாம், பேப்பருக்கு சீலு போட வந்த மீன்வளத்துறை ஆபீசரு கெளம்பிடுவாராம். இன்னா அநியாயம் பாத்தியா? நாப்பது நாளா கெடைக்காதவன முக்கா மணி நேரத்துல நான் எங்கமே போயி தேடுவேன்?

குணசுந்தரி: எங்கயும் தேடாத. நம்ம வூட்டு மொட்ட மாடி ரூமுலதான் கீறான். முட்டி வலின்னு நீதான் படி ஏறுறதில்லையே, அதான் மொத நாளே அங்க வெச்சிட்டேன். போயி நல்ல வார்த்தையா கூப்புடுய்யா... கீழ உன் செருப்புச் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில பூந்துக்கிறான்.