தண்ணீர் ஊற்றிக் கொன்ற ஆவாரை

நம் நகர்ப் பூங்காவில் நின்ற ஆவாரஞ்செடிகளை யாரும் வெட்டவில்லை. மாடு மேயவில்லை. நாம்தான் தண்ணீர் ஊற்றிக் கொன்றோம். வேண்டாம் என்று இந்தச் சங்கத்தில் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து சொன்னேன். "பெரியவரே, உட்காருங்க" என்றீர்கள். உட்கார்ந்தேன்... செடி செத்தது.

ஆகவே இன்றைக்கு நின்றுகொண்டே ஒரு சின்னக் கதை சொல்கிறேன். கேளுங்கள்.

சாத்தூர்ப் பக்கம் குருவம்மா என்று ஒருத்தி. மகளுக்குத் தலைப்பொங்கல் வருகிறது. சம்பந்தி அம்மாளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டாள். "மதினி, கடைப்பூ வேண்டாம். எங்க வாசல் ஆவாரம்பூவுலதான் இந்த வருசம் போகிக்கு உங்க வீட்டு நிலையில காப்புக் கட்டு!"

சொன்ன சொல் நிற்க வேண்டுமே? அதுவரை திரும்பியே பார்க்காத செடிக்குக் காலையில் ஒரு குடம், மாலையில் ஒரு குடம். ஆட்டுப்புழுக்கை வேறு.

புருஷன் ராமானுஜம் சொன்னார்: "ஏளா, அது வானம் பாத்துக் குடிக்கிற செடி. விட்டுரு."

"நீங்க சும்மா இருங்க. நாளைக்குச் சம்பந்தி முன்னால நிக்கப்போறது நீங்களா, நானா?"

செடி தளதளவென்று வளர்ந்தது. தெருவே மெச்சியது. மார்கழி வந்தது... இலை இருந்தது, மொட்டு இல்லை. பிறகு செடி மஞ்சளானது. பூவால் அல்ல... இலையால்! இழுத்துப் பார்த்தாள். வேர் அழுகிக் கையோடு வந்தது.

போகியன்று என்ன செய்வாள்? ஓடைக்கரைக்குப் போனாள். அங்கே யாரும் ஒரு செம்பு ஊற்றாத ஆவாரை, கிளை தெரியாமல் பூத்து நிற்கிறது! பறித்துக்கொண்டு போனாள்.

சம்பந்தி கேட்டாள்: "என்ன மதினி, வாசல் பூவா?"

"இல்ல மதினி. வாசல் செடிய நான் கவனிச்சேன், போயிருச்சு. இது நான் கவனிக்காத செடி."

சம்பந்தி விடுவாளா? "அப்ப உங்க மகளையும் தினம் நாலு தடவ போன் போட்டுக் கவனிக்காதீங்க. எங்க வீட்டுல நல்லா வேர் பிடிப்பா!"

சிரிக்கிறீர்கள். அந்தக் குருவம்மா யார்? நாம்தான். வறண்ட மண்ணில் பிறந்த செடிக்கு, அது கேட்காததைக் கொடுத்துவிட்டு அன்பு என்றோம்.

இனி நடக்க வேண்டியதைச் சொல்கிறேன். செயலாளர் தர்மராஜ், பூங்காவில் ஆவாரைக்குப் போட்ட அந்தச் சொட்டுநீர்க் குழாயை நாளைக்கே கழற்ற வேண்டும். பொருளாளர் அம்மா, தண்ணீர் தேங்காதபடி சரளை கொட்டி மேடாக்க வேண்டும். ஐப்பசி மழையில் விதை ஊன்றுவது என் பொறுப்பு. வேர் பிடிக்கும்வரை தோட்டக்காரர் மட்டும் அளவாகத் தண்ணீர் விடட்டும்.

அதற்குப் பிறகு வாளியோடு யார் எழுந்தாலும்... இப்போது நான் சொல்கிறேன். உட்காருங்கள்.