ஒரு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர்

டீயில் சர்க்கரையைக் குறைக்கச் சொன்னீர்களே, நன்றி சார். எனக்குச் சுகர் வந்து நான்கு வருடமாகிறது. வக்கீல் வரும்வரை வாயைத் திறக்காதே என்று தம்பி சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். தேவையில்லை. நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. மெதுவாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

பெயர் முத்தமிழ்செல்வன். வயது நாற்பத்தேழு. குன்னத்தில் பம்புசெட், டீசல் எஞ்சின் பழுது பார்க்கிற பட்டறை. ஊரில் பதினொரு ஏக்கர், சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும். நீங்கள் விசாரிக்கிற வீரமணியின் அப்பா அங்கமுத்து, எங்கள் வெங்காயக் காட்டில்தான் கடைசிவரை வேலை பார்த்தார். அம்மா பொன்னாயி இன்றைக்கும் என்னைச் சின்னய்யா என்றுதான் கூப்பிடும். வீரமணி மட்டும் அண்ணே என்பான். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. காலம் மாறிவிட்டது, நானும் மாறிவிட்டேன். என் பட்டறைக்கு வந்தால் அவனுக்கும் டீ உண்டு. பேப்பர் கப்பில் கொடுப்பேன், அது சுத்தம். நான் கண்ணாடிக் கிளாஸில் குடிப்பது வெறும் பழக்கம்.

அவன் ஓமனில் எட்டு வருடம் டிரைவர். முதலாளி வெள்ளிக்கிழமைதோறும் கடலுக்குத் தூண்டில் போடப் போவாராம். இரை மாட்டிக் கொடுக்க இவன் கூடப் போவானாம். அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. திரும்பி வந்தவன் ஊரில் எல்லாரும் வாங்குவதுபோல டிராக்டர் வாங்கவில்லை. இருபத்திரண்டு அடியில் ஒரு பழைய ஃபைபர் படகு, பின்பலகையில் மாட்டுகிற நாற்பது குதிரைசக்தி மோட்டார், இரண்டையும் லாரியில் ஏற்றிக் குன்னத்துக்கே கொண்டுவந்துவிட்டான். கொள்ளிடம் கடலில் சேருகிற பக்கத்தில் படகை விட்டு, திருச்சி டவுன்காரர்களை ஆழ்கடலுக்குக் கூட்டிப்போய் மீன் பிடிக்க வைப்பது அவன் திட்டம். பருத்தி மூட்டை நிற்கிற தெருவில் படகு நின்றது. சனம் வந்து வந்து பார்த்தது. ஒரு கோழி அதற்கடியில் அடைகாத்தது.

மோட்டாரை நான்தான் பிரித்து மேய்ந்தேன். இரண்டு மாத வேலை. அதன் புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அவனுக்குப் படிக்க வராது. நான் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தேன். அரைகுறையாக ஒரு வேலை செய்வது எனக்குப் பிடிக்காது.

ஓட்டிப் பார்க்கக் கடலுக்கா போக முடியும்? ஆலத்தியூர் பக்கம் கைவிட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்று மழைத்தண்ணீர் நிரம்பிக் கிடக்கிறது. ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே இறக்கினோம். ஊரே கரையில் நின்றது. தண்ணீரில் சலனமே இல்லை. பலகையில் வைத்த டீ தளும்பவில்லை, அவ்வளவு சொகுசு. வேகம் கொடுத்ததும் முன்பக்கம் ஜிவ்வென்று மேலே தூக்கியது. பின்னால் கைப்பிடியைப் பிடித்து நின்ற வீரமணி சொன்னான்.

"அண்ணே, மூக்கு தூக்குது. நீங்க முன்னாடி போயி உக்காருங்க. வெயிட்டு வேணும்."

போய் உட்கார்ந்தேன். மூக்கு இறங்கியது. அவன் சொன்னது சரிதான், அதை நான் இப்போதும் ஒப்புக்கொள்கிறேன். எடை முன்னால் வந்தால் படகு படிந்து ஓடும், எண்ணெயும் மிச்சமாகும். கரையில் யாரோ, "பாருடா, முத்தமிழை மூட்டையா வச்சு ஓட்டுறான்" என்றான். ஒரு சிரிப்பு கிளம்பியது. வீரமணியும் சிரித்தான். பொன்னாயி மட்டும் சிரிக்கவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. அந்தம்மாவுக்கு விவரம் தெரியும். அவன் நின்றுகொண்டு ஓட்ட, நான் அவன் காலுக்கு முன்னால் உட்கார்ந்து பதினான்கு சுற்று வந்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. வெயில்தான்.

இறங்கியதும் கேட்டான், லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று. பைக்குக்குக் கேட்பதுபோலக் கேட்டான். சுற்றை அளந்து, எண்ணெயை அளந்து, கணக்குப் போட்டு ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். ஒரு லிட்டருக்கு மூன்று கிலோமீட்டர். டேங்க் இருபத்தைந்து லிட்டர். ஆக எழுபத்தைந்து கிலோமீட்டர். அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை சார். அந்த அட்டை உங்களிடம் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அது குழித்தண்ணீரின் கணக்கு. கடலில் அலை மேல் ஏறி இறங்கும்போது, ஐஸ் பெட்டி ஏற்றியிருக்கும்போது, எதிர்காற்றில் திரும்பும்போது பாதிகூடத் தேறாது. எண்ணெயை மூன்று பங்காக்கி, போக ஒன்று, வர ஒன்று, ஆபத்துக்கு ஒன்று வைக்க வேண்டும் என்று புத்தகத்தில் நாற்பத்தோராம் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறது. அதை நான் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு ரோடு போகும்போது எவ்வளவோ வரும்போதும் அவ்வளவுதான்.

கடலுக்குப் போகுமுன் பட்டறைக்கு வந்து என் போனில் கடலோரக் காவல் நம்பரை அவனே ஏற்றினான். ஏன் எனக்கு என்றேன். "நீங்க சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்கண்ணே. நான் சொன்னா, நீ யாருடாம்பாங்க" என்றான். அப்படி அவன் சொன்னது எனக்குத் திருப்தியாகவே இருந்தது. கூட வரச் சொன்னான். வேலை இருக்கிறது என்றேன். எனக்குப் பதிலாக முன்பக்கத்தில் உட்காரத் தன் மனைவி கவியாவின் தம்பி வேல்முருகனைக் கூட்டிக்கொண்டு போனான்.

ஆடி மாதம். நம் பக்கத்தில் மேல்காற்று என்ன அடி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். போகும்போது அது முதுகைத் தள்ளும். அட்டையில் இருந்ததைவிட நன்றாகவே ஓடியிருக்கும். அண்ணன் கணக்கு அண்ணன் கணக்குதான் என்று வேல்முருகனிடம் சொன்னானாம். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அறையும்.

பகல் பதினொன்று நாற்பதுக்கு எனக்கு போன் வந்தது. ஒரு நிமிடம் ஐம்பது வினாடி என்று நீங்களே காட்டினீர்கள். டேங்க் காலி, கரை இன்னும் பதினாறு கிலோமீட்டர், வேல்முருகனின் போன் நனைந்துவிட்டது, தன் போனில் ஒரு கோடுதான் சிக்னல் என்றான். இருக்கிற இடத்தின் ஜி.பி.எஸ். எண்களைச் சொன்னான். கேலண்டர் ஓரத்தில் குறித்துக்கொண்டேன். அவன் குரலில் பயம் இல்லை. பிறகு நான் சொன்னது இதுதான்.

"நான் சொல்லிடறேன். நீ போனை ஆஃப் பண்ணி வையி, சார்ஜ் போயிடும்."

"சரிண்ணே" என்றான். அண்ணே என்றுதான்.

காற்று படகைக் கிழக்கே தள்ளும், கொஞ்ச நேரத்தில் அந்த ஒரு கோடும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். கை கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். அன்றைக்கு வத்தக்குழம்பு. சாப்பிட்டபின் ஒரு பவர் டில்லரின் கிளட்சைக் கழற்றினேன். ஒருமணிக்கும் நினைத்தேன், இரண்டுமணிக்கும் நினைத்தேன், போன் மேஜைமேல்தான் இருந்தது. சாயங்காலம் கவியா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணே, உங்களுக்கு ஏதும் போன் கீன் வந்துச்சுங்களா?"

வரவில்லை என்றேன். கடலில் சிக்னல் இருக்காது, பயப்படாதே என்றேன். கேலண்டர் தாள் அவளுக்குப் பின்னால் ஆடிக்கொண்டிருந்தது. அவள் போனபிறகு அதைக் கிழித்துக் கை துடைத்தேன்.

இரண்டாம் நாள் மாலை படகு கவிழ்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் ஒரு விசைப்படகு, கவிழ்ந்த படகைப் பிடித்துக் கிடந்த வேல்முருகனைத் தூக்கியது. வீரமணி கிடைக்கவில்லை. இரண்டு நாளும் அவன் இதையே சொல்லிக்கொண்டிருந்தானாம்: "அண்ணன் சொல்லியிருப்பாரு, வந்துடுவாங்க." வேல்முருகன் வாக்குமூலத்திலிருந்து இதை நீங்கள் படித்துக் காட்டியபோது நான் தலை குனிந்ததாக எழுதியிருக்கிறீர்கள். எழுதியது சரி.

கொன்றது நான்தான். அந்த அட்டையைக் கொடுத்தபோதே தெரியும். போனை வைத்தபோது நன்றாகத் தெரியும். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், இதைச் சாதி விவகாரம் என்று எழுதிவிடாதீர்கள். எனக்கு அந்த வித்தியாசமெல்லாம் என்றைக்கும் இருந்ததில்லை, ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

டீ ஆறிவிட்டது. இன்னும் வாய் வைக்கவில்லை. உள்ளே வரும்போது வெளிப் பெஞ்சில் வேல்முருகன் இதேபோல ஒரு கிளாஸில் குடித்துக்கொண்டிருந்தான். இது அதுவல்லவே, சார்?