வெள்ளைத்துரை ராச்சியத்துச் சட்டம்

அட, கம்ப்யூட்டரு பாக்க வந்தவரா நீங்க? அப்பச் சரி. அந்த மூடை மேல நல்லாச் சாஞ்சு உக்காருங்க தம்பி, உரமூடைதான், ஒண்ணும் ஆகாது. முந்தல் தாண்டிட்டோம்ல, இனி மேடு ஏறி முடிக்கிற வரைக்கும் வளைவு வளைவாத்தான் வரும். கொமட்டுனா சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. எலுமிச்சம்பழம் வச்சிருக்கேன். என் மக சந்திரவல்லிக்கு வாங்குனது. புள்ளத்தாச்சி. பெத்துக்கிறதுக்கு, ஏலத்தோட்டத்துல நாங்க குடியிருக்கிற லயத்துக்கு வந்திருக்கா. ஆனியில நாளு. மழையும் ஆனியிலதான் எறங்கும். எங்க லயத்துக் கூரைத் தகரம் பூராம் ஓட்டை. பச்சப்புள்ளய எந்த மூலையில போடுறதுன்னு தெரியல. எனக்கு இருக்கிற கவல அது ஒண்ணுதான். அதச் சொல்லணும்னா மெஷினு கதையச் சொல்லணும், மெஷினச் சொன்னா எங்க மொதலாளி வெள்ளைத்துரையவும் சொல்லணும்.

என்ன ரிப்பேருன்னா கேக்குறீங்க? அத அப்புறம் பாப்போம். காச்சல்னு போனா வைத்தியரு நேத்து என்னத்தத் தின்னேன்னு கேப்பாருல்ல? அந்த மாதிரி, மெஷினு இம்புட்டு நாளா என்ன சோலி பாத்துச்சுன்னு கேளுங்க.

ராச்சியம் பண்ணுச்சு.

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சவதான்.

மெஷினு மொதலாளியோடது இல்ல தம்பி. அவரு தம்பி ராஜாராமு, போடியில ஏலக்கா மண்டி வச்சிருக்காரே, அவரு கணக்கு எழுத வாங்குனது. ஆமா, உங்களக் கூப்பிட்டு விட்டது அவருதான, அவரேதான். விக்க வந்தவன், இது சூடு தாங்காது, ஏசி வச்ச ரூமுல வைக்கணும்னு சொல்லியிருக்கான். ஏசிக்கு எவன் அழுவுறது? மலை மேல அண்ணன் பங்களாவுல சும்மாவே குளிருதேன்னு இதே ஜீப்புல ஏத்தி விட்டுட்டாரு. டைப்படிக்கப் படிச்ச புள்ள பொன்னுமணிய கணக்கெழுத வச்சாரு. வித்தவன் எனாமா, மெஷினுக்குள்ள சொருகுற பிளாப்பித் தட்டு ஒண்ணும் குடுத்துவிட்டிருக்கான். அந்தத் தட்டப் போட்டா கணக்கு வராது, ராசா வெளையாட்டு வரும்.

உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். எங்களுக்குப் பொன்னுமணிதான் படிச்சுச் சொல்லும். பச்ச பச்சையா எழுத்து. மகாராசாவே, இந்த வருசம் குடிகளுக்கு எம்புட்டுத் தானியம், விதைக்கு எம்புட்டு, சண்டைக்கு எத்தன ஆளுன்னு கேக்கும். சொன்னா, இத்தன பேரு செத்தாங்க, இத்தன பேரு பொறந்தாங்க, எலி இம்புட்டத் தின்னுச்சுன்னு சொல்லும். அவ்வளவுதான். வேற ஆளா இருந்தா பட்டனத் தட்டி ரெண்டு நாடு புடிச்சிட்டு எந்திரிச்சுப் போயிருப்பான்.

எங்க மொதலாளி அப்பிடி இல்ல. ராசான்னா ராசாவா இருக்கணும்ல? மெஷினு போடாத சட்டத்தையெல்லாம் அவரே போட்டுக்கிட்டாரு. குளிக்காம உக்காரமாட்டாரு. துண்டத் தலையில கட்டாம பட்டனத் தொடமாட்டாரு. அஷ்டமி நவமியில சண்டை கெடையாது. ஆடி மாசம் படையெடுப்பு கெடையாது. மெஷினுக்கு ஆடி எது ஆவணி எதுன்னு எவன் சொன்னான்? ஆடி பொறந்த மறுநாளே எதிரி ராசா வந்து வடக்குச் சீமையப் புடுங்கிட்டான். இவரு, பஞ்சாங்கம் பாக்காத பயன்னு சொல்லிட்டுப் பேசாம உக்காந்திருந்தாரு.

அப்புறம், சொல்லாமக் கொள்ளாமப் படையெடுக்கக் கூடாதாம். மொதல்ல தூது போகணும். மெஷினுல தூதுக்குப் பட்டன் இல்லையேன்னு பொன்னுமணி சொல்லுச்சு. உடனே வாச்மேன் ஜக்கையனக் கூப்பிட்டாரு. அவருதான் மந்திரி. இந்தா, முன்னால ஜீப்பு ஓட்டுறாரே சோணை, இவரு தளபதி. மந்திரி கேட்டுக்கு வெளிய போயி, காட்டப் பாத்து நின்னுக்கிட்டு, எங்க மகாராசா கேக்குறாரு, சமாதானமா சண்டையான்னு மூணு தடவ கத்தணும். கத்துனாரு. குரங்கு ரெண்டு ஓடுச்சு. திரும்பி வந்து, பதில் இல்ல மகாராசான்னாரு. அப்பச் சண்டைதான்னு தளபதியப் பாத்தாரு. சோணை, ஜீப்புக்கு டீசல் இல்லையே மொதலாளின்னாரு. மொதலாளின்னு சொன்னதுக்கு ஒரு வாரம் தளபதி வேலையில இருந்து தள்ளி வச்சுட்டாரு தம்பி.

இன்னுங் கேளுங்க. குடிக பட்டினியில செத்தா ராசாவும் பட்டினி. அதுவும் அவரு போட்ட சட்டந்தான். ஒருநா எலி கூடுதலாத் தின்னுபுடுச்சு, மெஷினுக்குள்ள கொஞ்சப் பேரு போய்ச் சேந்துட்டாங்க. மொதலாளி எலையில இருந்து எந்திரிச்சுட்டாரு. அன்னைக்கு நாட்டுக்கோழிக் கொழம்பு. சமையக்கார வேலுத்தாயி எங்களுக்குக் கொண்டாந்து குடுத்தா. எலி நல்லா இருக்கணும்னு கும்பிட்டுட்டுத் தின்னோம். மறுவாட்டி செத்தப்ப மொதலாளிக்கு யோசன வந்துருச்சு. பட்டினின்னா சோறுதான ஆகாது, பலகாரம் ஆகும்லன்னு. ஒருபொழுது இருக்கிற வீட்டுல அப்பிடித்தான? அதுக்கப்புறம் குடிக சாகுற அன்னைக்கெல்லாம் ரவாதோசை, கேசரி, வடை. ஒரு கொள்ள நோய் வந்துச்சு பாருங்க, அந்த வாரம் மனுசன் சட்ட பட்டன் போட முடியல.

நான் எங்கிட்டு வந்தேனா? அதுக்கும் ஒரு சட்டம் தம்பி. ஒவ்வொரு வருசமும் பட்டனத் தட்டுறதுக்கு முன்ன, குடிகள்ல ஒருத்தரக் கூப்பிட்டு கொறை கேக்கணும். கேட்ட கொறையத் தீக்கணும். வாக்குக் குடுத்துத் தீக்கலைன்னா அவன் ராசா இல்ல, ராச்சியத்த அழிச்சுட்டு மொதல்ல இருந்து தொடங்கணும். மந்திரி, தளபதி, கணக்குப்புள்ள எல்லாரும் உத்தியோகத்துல இருக்காங்க. குடின்னு யாரு இருக்கா? நான் ஸ்டோருல ஏலக்கா காய வச்சுக்கிட்டு இருந்தேன். ஏ ராமுத்தாயி, இங்க வான்னாரு. போனேன். நீதான் குடின்னாரு. நான் எந்தக் காலத்துல மொதலாளி குடிச்சேன்னு பதறிப் போயிட்டேன். அப்புறந்தான் வெளங்குச்சு.

மொதத் தடவ, தானியம் கூடக் குடுங்க மகாராசான்னேன். குடுத்தாரு. மெஷினுக்குள்ள சனம் பெருகிருச்சு. அடுத்து வரியக் கொறைங்கன்னேன். கொறச்சாரு. ஆத்தா, பாத்தியா, எங் குடிகளுக்குக் கொறையே இல்லன்னு கண்ணுல தண்ணி விட்டாரு தம்பி. நெசமாத்தான். நான் ஸ்டோரு வாசல்ல ஈரச் சாக்கு போத்தி நின்னுக்கிட்டு இருக்கேன். மகாராசா எனக்கு எதுக்க நின்னு, எங் குடிக குளிர்ல வாடக்கூடாதுங்கிறாரு. நான் கூடச் சுத்திமுத்திப் பாத்தேன், வேற யாரும் வாடுறாங்களோன்னு.

கெட்டவரான்னா? இல்ல தம்பி, கெட்டவரு இல்ல. மெஷினுக்குள்ள இருக்கிற சனத்த அவருக்குக் கண்ணுக்குத் தெரியுது. நாங்க எதுக்கயே நிக்கிறோம்ல, அதனால தெரியல போல.

சந்திரவல்லி வந்தப்புறம் ஒரு மழ பேஞ்சுச்சு. கோட மழதான். ராத்திரி பூராம் அவ வயித்து மேல ஏனத்த வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, ஒழுகுற தண்ணிய ஏந்துறதுக்கு. மறுநா சபைக்குக் கூப்பிட்டாக. வழக்கம்போல, என்ன கொறைன்னாரு. எனக்கு என்னதான் ஆச்சோ, மகாராசா, குடியிருக்கிற வீடு ஒழுகுதுன்னேன்.

பொன்னுமணி, வீட்டுக்குப் பட்டன் எதுன்னாரு. இல்ல மகாராசா, இந்த வெளையாட்டுல வீடே கெடையாதுன்னுச்சு அந்தப் புள்ள. ரொம்பச் சங்கடப்பட்டுப் போனாரு. சட்டம் அவரு போட்டது, மீற முடியாது. மெஷினுல வழி இல்ல. நாடியத் தடவுறாரு, மோட்டுவளையப் பாக்குறாரு. அப்ப மந்திரி ஜக்கையன், வாச்மேனா இருந்து பழகுன ஆளு, மெதுவா சொன்னாரு. மகாராசா, உள்ள இருக்கிற குடிக்குத்தான் பட்டன் வேணும். இந்தக் குடி வெளியதான நிக்குது, இதுக்குத் தகரம் போதும்னு.

அம்புட்டுப் பேரும் பாத்துக்கிட்டு இருக்கோம். துண்டு வேற தலையில இருக்கு. என்ன செய்வாரு? சரி, அடுத்த வருசம் தொடங்குறதுக்கு முன்ன லயம் பூராம் புதுத் தகரம், இது ராச வாக்குன்னுட்டாரு. அடுத்த வருசம்னா அவரு கணக்குல மறுநா சாயங்காலம். தளபதி அப்பவே ஜீப்பத் தொடச்சு வச்சாரு, போடியில இருந்து தகரம் ஏத்திட்டு வர.

மறுநா சாயங்காலம் மெஷினு எரியல.

அதான் தம்பி. அன்னையில இருந்துதான். அடுத்த வருசமே தொடங்கல, அதனால வாக்குத் தப்பவும் இல்ல. ராச்சியமும் இருக்கு, ராசாவும் இருக்காரு, ஓட்டையும் இருக்கு. தகரம் என்னாச்சுன்னு தளபதி கேட்டாரு. காலமே நின்னு போச்சு சோணை, நான் என்ன செய்யட்டும்னு சொல்லிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிட்டாரு. போடியில ராஜாராமு கணக்கு வரலைன்னு சத்தம் போடப்போய்த்தான் உங்க வரைக்கும் வந்துச்சு. இல்லாட்டி எங்க காலம் நின்னது நின்னதுதான். நீங்க போனதும் பாருங்க, ஐயோ பாவம், இம்புட்டுத் தூரம் வந்தீங்களே, அது சரி பண்ற கேஸு இல்ல, காப்பியக் குடிச்சிட்டுக் கெளம்புங்கன்னுதான் சொல்லுவாரு. காப்பி நல்லா இருக்கும், குடிங்க. ஆனா எந்திரிச்சுராதீங்க.

என்ன, கருகிப் போயிருக்குமா? ஒண்ணும் கருகல. உள்ள எலி கடிச்சதும் இல்ல. அந்த எலிக பூராம் வெளையாட்டுக்குள்ளதான் இருக்கு. கொஞ்சம் கிட்ட வாங்க. ஏய், சோணை, ஜீப்ப மெதுவா விடுப்பா, பேசுறது கேக்க மாட்டேங்குது.

வெள்ளிக்கிழம வேலுத்தாயி மொதலாளியோட பூசை அலமாரி தொடைக்கப் போனா. முருகன் படத்துக்குப் பின்னால கறுப்பாச் சுருட்டி வச்சிருந்திருக்கு. பாம்புன்னு அலறிட்டு வெளக்குமாத்தக் கொண்டாந்து ரெண்டு போடு போட்டிருக்கா. நகரல. இருங்க, முந்தானைய அவுக்குறேன். இந்தா, புடிங்க. மெஷினுக்குக் கரண்டு போற வயரு இதுதானன்னு பொன்னுமணி பாத்துச் சொல்லிருச்சு. சரிதான? ஆங்.

உங்க பைக்குள்ள வைங்க. போனதும் மாட்டிராதீங்க, பொட்டியத் தொறந்து நாலு திருகாணியக் கழட்டி மாட்டி, கொஞ்ச நேரம் உச்சுக் கொட்டிட்டு அப்புறம் இத மாட்டுங்க. எரியும். சபையில நாங்க அம்புட்டுப் பேரும் நிப்போம். பயப்படாதீங்க, இது யாரு வயருன்னு அவரு கேக்க மாட்டாரு. கேட்டா, உங்க வயரு எங்க இருக்கு மகாராசான்னு நாங்க திருப்பிக் கேக்கணும்ல.